தபால்காரரின் முறை

ஜூன் 3, செவ்வாய்

அரசு ஆஸ்பத்திரியில் இன்றும் இரண்டு டயாலிசிஸ் மெஷின் ரிப்பேராம். போர்வை போர்த்தி மூலையில் நிற்கவைத்திருக்கிறார்கள். “நம்மளவிட இதுங்களுக்குத்தான் அடிக்கடி உடம்பு சரியில்லாம போகுது” என்றாள் என் மனைவி. வரிசையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள், டெக்னீஷியனைத் தவிர. அவன் எதிர்த்தெரு தனியார் சென்டரின் கார்டை என் கையில் திணித்தான். அது அவன் மச்சானுடையது என்று வாசல் காவலாளிக்குக்கூடத் தெரியும். அங்கே போக எங்களுக்கு வழி ஏது? திரும்பிவிட்டோம்.

கால் வீங்கி, இவளுக்கு என் செருப்புதான் நுழைகிறது. “இதைப் போட்டா உங்க கோபமும் சேர்ந்து ஏறுது” என்கிறாள்.

ஜூன் 5, வியாழன்

செய்துவிட்டேன். டெக்னீஷியனைப் படிக்கட்டுப் பக்கம் கூப்பிட்டுக் கையில் பணத்தை அழுத்தினேன். உடனே இவளைக் கூப்பிட்டார்கள்.

வெளியே வந்தபோது முகத்தில் அப்படி ஒரு களை. “எப்படிங்க கெடச்சுது?”

“என் முகத்தைப் பாத்துப் பாவப்பட்டிருப்பாங்க.”

“இந்த மூஞ்சியவா?”

வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தாள். அந்தச் சிரிப்புக்காக எவன் கையை வேண்டுமானாலும் நிரப்பலாம்.

ஜூன் 6

தபால்காரரின் மகள் போன் செய்தாள். ஊசி குத்தும்போது இவளுக்கு வலி தெரியாமல் இருக்கக் கதை சொல்வாரே, எங்களோடு டயாலிசிஸுக்கு வரும் பெரியவர், அவர் மகள். அவருக்கு மூச்சுத் திணறி, கீழே அவசரப் பிரிவில் கிடக்கிறாராம். “நேத்து அப்பா முறைய வேற யாருக்கோ வித்துட்டாங்கக்கா.”

போனை வைத்துவிட்டு இவள் என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது பொய் சொல்லியிருப்பேன்.

ஜூன் 7, சனி

இவளைக் கூப்பிட்டார்கள். “தபால்காரருக்குப் போட்டுட்டு வாங்க. அப்புறம் நான் படுக்கறேன்” என்று பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாள். அடுத்து ஆட்டோக்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் இவளைப் பார்த்தார், எழுந்திருக்கவில்லை. அதற்கடுத்த டீச்சரும்.

எனக்கு உயிரே போய்விட்டது. “பைத்தியமாடி உனக்கு? செத்துப்போயிடுவடி!” என்று கத்தினேன். எத்தனை வருஷமாயிற்று, இவளை ‘டி’ போட்டு.

“அவர் பொண்ணும் கீழ இப்படித்தான் கத்திட்டிருப்பா. உக்காருங்க.”

உட்கார்ந்தேன். வேறென்ன செய்ய?

யாரும் கட்டிலுக்குப் போகவில்லை என்று கேள்விப்பட்டுத் தலைமை டாக்டரம்மா வந்தார். மூலையில் இருந்த போர்வையை உருவி, “போடு சுவிட்ச்சை” என்றார். இரண்டும் ஓடின. ஒரு நோயும் இல்லை, பாவிகளா! தபால்காரரை ஸ்ட்ரெச்சரில் மேலே கொண்டுவந்தார்கள். அவருக்கு ஊசி ஏறிய பிறகுதான் இவள் படுத்தாள்.

ஜூன் 9

இன்றும் என்னோடு பேசவில்லை. சோறு மட்டும் வைத்தாள்.

ஜூன் 12, வியாழன்

விசாரணை. பணம் கொடுத்தவர் யாராவது சொல்வார்களா என்று கேட்டார்கள். “நான் கொடுத்தேன்” என்றேன். என் மேலும் வழக்கு வரலாம். வரட்டும்.

படி இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். கால் வலிக்காக என்றுதான் சொன்னாள்.

ஜூன் 17

டெக்னீஷியனை வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டார்களாம். அவ்வளவுதான் தண்டனை. அங்கேயிருக்கும் மெஷின்களுக்குக் கடவுள்தான் துணை.

ஜூன் 19, வியாழன்

தபால்காரர் தன் காலில் நடந்து வந்தார். இவளுக்குப் பக்கத்துக் கட்டில். மன்னிப்புக் கேட்கலாம் என்று போய் நின்றேன். அவரே என் கையைப் பிடித்து, இவளைக் கண்ணால் காட்டினார்.

“தெரியும் தம்பி. அன்னைக்கு என் கட்டில்ல படுத்தது நம்ம பொண்ணுதானாமே? நல்லவேளை. யாரோ எவரோன்னு மனசு கெடந்து அடிச்சுக்கிட்டே இருந்துச்சு.”

இவள் கண்ணை மூடித் தூங்குவதுபோல் படுத்திருந்தாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.