அப்பா போனுக்கு வராத காரணம்

என் செல்ல மகளுக்கு, அம்மா எழுதுகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை, முழங்கால்தான் மாடிப்படியைப் பார்த்ததும் முரண்டு பிடிக்கிறது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, படிக்கிறேன் படிக்கிறேன் என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறாயா என்றுதான் எந்நேரமும் நினைப்பு. ஆளில்லாத உன் அறையைத் தினமும் பெருக்குகிறேன். உன் அக்கா வந்தால்கூட உன் கட்டிலில் படுக்க விடுவதில்லை, அதற்கு அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறேன்.

போன வாரம் நீ சொன்னது நெஞ்சை விட்டுப் போகவில்லை. நான் கூப்பிடும்போதெல்லாம் அப்பாவுக்குத் தையல் மிஷின்தான் பெரிசு, இன்னும் என்மேல் கோபம், லீவுக்கு நான் எதற்கு வரணும் என்றாயே. அடி பைத்தியமே, அந்த மிஷினில் துணியே இருக்காது. உன் போன் வந்ததும் மனுஷன் முன்னறைக்கு ஓடி, வெறும் மிஷினைக் கடகடவென்று மிதிப்பார். இருமல்டி, இருமல். அது உன் காதில் விழக்கூடாதாம். வீடு வீடாகப் போய் ரொம்ப நாளாக இருமுகிறவர்கள் உண்டா என்று கேட்கிற படிப்பு உன்னுடையது, தெரிந்தால் பரீட்சையைப் போட்டுவிட்டு ஓடிவருவாய் என்று பயம். என் வாயையும் அடைத்து வைத்திருந்தார். அவ்வளவு தூரம் போகாதே என்று அன்றைக்கு மல்லுக்கு நின்றவர்தான், இப்போது அளவு கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம் எம்பொண்ணு பொதுச் சுகாதாரம் படிக்கிறா என்று பீற்றிக்கொள்கிறார்.

எனக்குப் பொறுக்கவில்லை, நீ சொன்னதை அப்படியே அவரிடம் ஒப்பித்துவிட்டேன். அப்படியா நெனச்சுட்டா என்று ஒருதரம் கேட்டார். எத்தனை தடவை கெஞ்சியும் கேட்காதவர், மறுநாள் தானே சட்டையை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். சளியைச் சோதித்தார்கள், நெஞ்சைப் படம் எடுத்தார்கள். காசநோய். பதறாதே, மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் முழுசாகக் குணமாகும் என்றார் டாக்டரம்மா, அது உனக்குத் தெரியாததா. மாத்திரை ஆரம்பித்தாயிற்று, கடையைக் கொஞ்ச நாள் மூடியிருக்கிறோம். எனக்கும் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. காற்று வரட்டும் என்று நான் ஜன்னலைத் திறக்கிறேன், குளிருது என்று அவர் மூடுகிறார், இதுதான் இப்போது எங்கள் குடித்தனம்.

பரீட்சையை முடித்துவிட்டுத்தான் வரவேண்டும், முன்னாடியே வந்தால் வீட்டுக்குள் விடமாட்டேன். பொய்தான், நாளைக்கே நீ வந்து நின்றாலும் கட்டிக்கொண்டு அழுவேன். ஆனாலும் முடித்துவிட்டு வா, கண்ணு. நோய்நொடி அண்டாமல், மனம் நிறைந்து, நூறு வயசு இரு.

ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் கூப்பிடு, போனை அவர் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். எடுத்ததும் மாத்திரை போட்டீங்களா என்று ஆரம்பிக்காதே. முதலில் அப்பா என்று கூப்பிடு. உன்னோடு பேசத் தவியாய்த் தவிக்கிறார். நடுவில் இருமுவார், வைத்துவிடாதே.

உன் அம்மா