முதல் இலை

சிங்கப்பெருமாள் கோயில்,
20.7.2004

அன்புள்ள ராஜம் அண்ணிக்கு,

சுஜாதாவின் வணக்கம். இங்கு எல்லோரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. பொய் எழுத மனம் வரவில்லை. போனில் சொல்லலாம் என்றால், நீங்கள் பேசும்போதெல்லாம் உங்கள் தம்பி என் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறார். பூனாவில் மழை எப்படி? அண்ணனுக்கு முட்டிவலி தேவலையா?

பரனூர் அருகே அவர் ஓட்டிய கம்பெனி பஸ் தடுப்புச் சுவரில் உரசியதற்கு, லாரி குறுக்கே வந்ததுதான் காரணம் என்று உங்களிடம் சொல்லியிருப்பார். லாரியும் வரவில்லை, மாடும் வரவில்லை. பட்டப்பகலில் ஓட்டிக்கொண்டே கண் அசந்துவிட்டார். உள்ளே இருந்தவர்கள் பிழைத்தது செல்லியம்மன் புண்ணியம். கம்பெனியில் ரத்தம் பார்க்க அனுப்பினார்கள். சர்க்கரை எக்கச்சக்கம். அது இறங்கும்வரை ஸ்டியரிங்கைத் தொடக்கூடாதாம்.

செங்கல்பட்டு டாக்டர் இன்னொன்றும் சொன்னார். நாம் நினைத்ததுபோல் இவருக்கு ரத்தம் குறைவில்லை. இரும்புச்சத்து மிதமிஞ்சி ஈரலில் தங்கிவிட்டதாம். இப்படியே போனால் ஈரலும் கெடும், சர்க்கரையும் அடங்காது என்றார். என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டார். சோர்வு என்றதும் நம் வீட்டில் ஆளுக்கு ஆள் வைத்தியர் ஆகிவிட்டோமே! ஞாயிறு தவறாமல் ஆட்டுச் சுவரொட்டி, ஈரல், ரத்தப் பொரியல், போதாததற்கு நீங்கள் பிரியமாக அனுப்பிய இரும்பு டானிக். டானிக்கையும் ஈரலையும், மண்ணீரல் என்று அவர் சொன்ன சுவரொட்டியையும் அடியோடு நிறுத்தச் சொன்னார். ஆட்டுக்கறி எப்போதாவது கொஞ்சம் போதுமாம்.

குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று கேட்டார். உங்கள் அப்பா கடைசி வருஷங்களில் உடம்பு கறுத்து, சர்க்கரை ஏறி, உட்கார்ந்த இடத்திலேயே தூங்கியதைச் சொன்னேன். அவருக்கும் அத்தை சுவரொட்டிதான் சுட்டுக் கொடுத்தார்கள். டாக்டர் அதைச் சீட்டில் குறித்துக்கொண்டார். இது பரம்பரையாக வருவது, கூடப் பிறந்தவர்களும் ரத்தம் பார்த்துக்கொள்வது நல்லது என்றார்.

“ரத்தமே இல்லாம ஒடம்பு துவண்டுகினு கீது, இந்தாளு இரும்பு ஜாஸ்தின்றான். ஜாஸ்தியா இருந்தா நான் கல்லு மாதிரி இல்ல இருக்கணும்?” என்று வழியெல்லாம் உங்கள் தம்பி சண்டை. டானிக்கை நான் ஒளித்துவைத்தால் வேறு வாங்கிக் குடிக்கிறார்.

இப்போது செல்லியம்மனுக்கு ஆடிக் கிடாய் வெட்டும் நாள் வருகிறது. தம்பி தேறவேண்டும் என்று வேண்டிக்கொண்டவர் நீங்கள். வேண்டிக்கொண்டவர் தன் கையால் முதல் இலையில் ஈரலும் சுவரொட்டியும் போடுவதும், யாருக்காக வேண்டினாரோ அவர் மிச்சம் வைக்காமல் சாப்பிடுவதும் நம் வீட்டு வழக்கம். அதைச் சாப்பிட்டால் எழுந்துவிடுவேன் என்று இவர் காத்திருக்கிறார். ஒரு வேளைச் சாப்பாட்டில் ஒன்றும் ஆகாது என்று எனக்கும் தெரியும். ஆனால் அம்மன் கொடுத்த மருந்து என்று அன்றைக்குச் சாப்பிட்டுவிட்டால், அப்புறம் எந்த டாக்டர் பேச்சும் அவர் காதில் ஏறாது. எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணி. அத்தை வெறும் நெற்றியோடு உட்கார்ந்திருந்தது கண்ணைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது.

வைஷாலி பள்ளிக்கூடத்தில் பிரேயரில் மயங்கி விழுந்தாள். அவளுக்கும் ரத்தம் பார்த்தோம். நிஜமாகவே ரத்தம் குறைந்திருப்பது அவளுக்குத்தான். ஞாயிறுதோறும் அடுப்படியில் நின்று அப்பாவுக்குச் சுவரொட்டி சுட்டவள் அவள். ஒரு துண்டு கேட்டதில்லை. அவளுக்கு வைக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றியதும் இல்லை.

கிடாயை நிறுத்தச் சொல்லவில்லை, அண்ணி. வாருங்கள், பொங்கல் வைப்போம், நீங்களே இலை போடுங்கள். அந்த முதல் இலையை மட்டும் வைஷாலிக்குப் போடுங்கள். நான் செய்தால் வீடு ரணகளமாகும். நீங்கள் செய்தால் அவர் ஒரு வார்த்தை பேசமாட்டார்.

கிளம்பும் முன் நீங்களும் ரத்தம் பார்த்துவிட்டு வாருங்கள். கால் ஓய்ந்துபோகிறது, நானும் அந்த டானிக்கைத்தான் குடிக்கிறேன் என்று போன மாதம் சொன்னீர்கள். கூடப் பிறந்தவர்கள் என்று டாக்டர் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

அம்மன் உங்களைக் காப்பாற்றட்டும். நீங்கள் உங்கள் தம்பியை எனக்குக் காப்பாற்றிக் கொடுங்கள்.

உங்கள் காலைத் தொட்டு,
சுஜாதா