லைல் சொன்ன தேதி

ஆகஸ்ட் 17

சாப்பாட்டு மேசையில் என் மனைவி ரோண்டா வெர்மாண்ட் மாநில வரைபடத்தை விரித்து வைத்திருந்தாள். வாங்கிய நாளிலிருந்து படுக்கை, அடுப்படி எல்லாம் உள்ள எங்கள் மோட்டார் ஹோம் வண்டி வீட்டோரம் சும்மா நிற்கிறது. இந்த இலையுதிர் காலத்திலாவது மேப்பிள் மரங்கள் சிவப்பதைப் பார்க்கக் கிளம்ப வேண்டுமாம். சரி என்றேன். அப்புறம்தான் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்: கடைசியாகத் தங்கப்போவது என் தம்பி லைலின் வீட்டில்.

அவனோடு பேசி ஒன்பது வருடம் ஆகிறது. அப்பா இறந்ததை அடக்கத்துக்கு முதல் நாள் எனக்குச் சொன்னவன் அவன். மூத்த மகன் நான், கசங்கிய சட்டையோடு கடைசி வரிசையில் நின்றேன். மறந்துவிடு என்பவர்கள் தங்கள் அப்பாவை அப்படிப் புதைத்துப் பார்க்கட்டும்.

ஆகஸ்ட் 18

இந்த யோசனை யாருடையது, உன்னுடையதா அவனுடையதா என்று கேட்டேன். "ரெண்டு பேரோடதும்தான்," என்றாள். அப்படியானால் எவ்வளவு காலமாகப் பேசிக்கொள்கிறார்கள்?

ஆகஸ்ட் 25

அக்டோபர் பன்னிரண்டுக்கு முன்னால் வர வேண்டாம் என்கிறானாம் லைல். "ரெண்டு தடவ சொன்னான் எல்வின். பன்னெண்டுக்கு அப்புறம்தான்னு."

நான் அந்த வெர்மாண்ட் மலையில் பிறந்து வளர்ந்தவன். அவன் வீடு இருக்கும் உயரத்தில் செப்டம்பர் கடைசியில் நிறம் ஏறும், அக்டோபர் முதல் வாரம் உச்சம். பிறகு ஒரு காற்று, ஒரு மழை, அவ்வளவுதான். பன்னிரண்டாம் தேதி போனால் குச்சிகளைப் பார்த்துவிட்டு வரலாம். இது அவனுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். "வாத்தியார் இலை பாக்க வந்த லட்சணத்தப் பாரு" என்று கடைவீதியில் சொல்லிச் சிரிக்க வேண்டும் அவனுக்கு. பள்ளியில் பாடம் நடத்தியவன் என்பதால் நான் அவனுக்கு எப்போதும் வாத்தியார்.

செப்டம்பர் 3

இந்த மாதிரி வண்டிகளை நிறுத்தித் தங்கும் முகாம்களை வரிசையாகத் தொலைபேசியில் கூப்பிட்டேன். அநேகமாக எங்கும் இடமில்லை. ஒரு பெண் அலுத்துக்கொண்டாள்: "போன வருஷமே எல்லாரும் பிடிச்சுட்டாங்க சார். நீங்க இலை விழுந்தப்புறம் கேப்பீங்க போல." ஒன்றிரண்டு இடங்கள்தான் அகப்பட்டன.

செப்டம்பர் 8

ரோண்டா தோட்டத்தில் தொலைபேசியோடு சிரித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் நிறுத்தினாள். சற்று நேரம் கழித்துப் பார்த்தால் அளவு நாடாவோடு வண்டியின் பின்பக்கம் குனிந்திருக்கிறாள்.

"என்ன அளக்குற?"

"ஏரியத் தாண்ட வண்டியப் படகுல ஏத்துனா நீளம் கேப்பாங்களாம்."

நீளம் கேட்பார்கள், சரி. பின் சக்கரத்திலிருந்து கழிவுக் குழாயின் வாய் எவ்வளவு தூரம் என்று எந்தப் படகுக்காரன் கேட்கிறான்?

செப்டம்பர் 9

ரெண்டு பேரும் சேர்ந்து வண்டியை விற்கப் போகிறார்கள். வேறென்ன?

செப்டம்பர் 15

கேட்டே விட்டேன். அவள் கையிலிருந்த தட்டை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். "உனக்கு ஒருத்தர் தண்ணி கொடுத்தாக்கூட ஏன் கொடுத்தாங்கன்னு யோசிச்சிட்டுத்தான் குடிப்ப." பிறகு மெதுவாகச் சொன்னாள்: "இதுதான் கடைசி, எல்வின். இந்தத் தடவையும் அவன்கிட்ட சண்ட போட்டுட்டுத் திரும்பினா, நான் இனி உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நிக்க மாட்டேன். நீ உன் தம்பிய அடக்கத்துலதான் பாப்ப. இல்ல, அவன் உன்ன."

விற்பதைப் பற்றிக் கேட்டதற்குப் பதிலில்லை. அதையும் கவனித்தேன்.

செப்டம்பர் 27

அவன் சொன்ன தேதிக்குப் போகப் போவதில்லை. நாளைக்கே கிளம்புகிறோம்.

ரோண்டாவின் முகம் வெளுத்தது. "லைலுக்கு ஒரு வார்த்தை சொல்லிடுறேன்." கூடாது என்றேன். அப்படி என்ன பயம்?

செப்டம்பர் 28

 வண்டிகள் இரவில் நிற்க அரசு ஒதுக்கிய இடம் ஒன்றில் தங்கல். இங்கே மேப்பிள்களின் உச்சி மட்டும் சிவந்திருக்கிறது, யாரோ தொட்டு வைத்த மாதிரி. நான் சொன்னது சரிதான்.

செப்டம்பர் 29

 எழுதினால்தான் மனம் அடங்கும்.

நல்ல மழை. லைலின் வாசலில் நிற்காமல் நேரே கொட்டகைப் பக்கம் வண்டியைத் திருப்பினேன். என்ன மறைக்கிறான் என்று பார்த்துவிட வேண்டும். ரோண்டா கத்தினாள்: "நிறுத்து! அங்க போகாத!" அவள் கத்தியதாலேயே போனேன். பின்பக்கம் சடாரென்று இறங்கியது. அடியில் ஏதோ நொறுங்கும் சத்தம்.

லைல் மழைக்கோட்டோடு ஓடி வந்தான். கையில் மண்வெட்டி. நரைத்துப் போயிருக்கிறான், அப்பாவைப் போலவே. சக்கரத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"பன்னெண்டாம் தேதின்னு சொன்னேன்ல, வாத்தியாரே! ரெண்டு வாரம் பொறுக்க முடியல?"

கொட்டகையை ஒட்டிச் சரளை பரப்பி மட்டப்படுத்திய இடம். எங்கள் வண்டியின் நீளத்துக்கு. ஓரத்தில் மின்சாரக் கம்பம், தண்ணீர்க் குழாய். கழிவு நீரை வீட்டுத் தொட்டிக்குக் கொண்டுபோகப் பள்ளம் வெட்டிக் குழாய் பதித்து, நேற்றுத்தான் மண் தள்ளி மூடியிருக்கிறான். அதன் மேல்தான் ஏற்றிவிட்டேன்.

"எந்த முகாமும் தேட வேணாம், வருஷா வருஷம் வந்து நிக்கட்டும்னு செஞ்சான்," என்றாள் ரோண்டா. "வேல முடியற நாள்தான் அது. இலைக் கணக்கு இல்ல."

 லைல் உள்ளே வா என்று கூப்பிடவில்லை.

செப்டம்பர் 30

இழுவை வண்டி வந்து தூக்கியது. குழாய் மூன்று இடத்தில் உடைந்திருக்கிறது. லைல் ஒற்றை ஆளாகத் தோண்ட ஆரம்பித்தான். சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.  ரோண்டா என் பழைய பூட்ஸைக் கதவருகே கொண்டு வந்து வைத்தாள்.

அக்டோபர் 3

இருவரும் பள்ளத்துச் சேற்றில் இடுப்பளவு நிற்கும்போது கேட்டேன். "அப்பா விஷயத்த ஏன் உடனே சொல்லல?"

"அன்னைக்கே ரெண்டு தடவ கூப்பிட்டேன். எடுத்தியா நீ? என் நம்பரப் பாத்தாலே எடுக்க மாட்டியேண்ணே."

அப்படியும் இருக்கலாம். அன்றைக்கே மூன்றாவது தடவை கூப்பிட்டிருக்கலாமே என்றேன்.

"கூப்பிட்டிருக்கலாம்," என்றான். மண்ணை அள்ளி என் பூட்ஸ் மேலேயே போட்டான்.

அக்டோபர் 6

மூடியாயிற்று. வண்டி சரளை மேல் நிற்கிறது. மலை முழுக்கச் சிவப்பு. ரோண்டா வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

அக்டோபர் 9

நாளை கிளம்புவதாக இருந்தது. பாத்திரங்களை எல்லாம் ரோண்டா அலமாரியில் பூட்டிவிட்டாள். குழாய்ப் பள்ளத்து மண் இன்னும் இறுகவில்லை, இப்போது வண்டியை எடுத்தால் மறுபடி இறங்கும், நாலைந்து நாள் போகட்டும் என்றேன். அவள் லைலைப் பார்த்தாள். நேற்று அதே இடத்தின் மேல்தான் அவன் டிராக்டரை ஓட்டிப் போனான்.

லைல் வந்து பூட்ஸ் காலால் ஓங்கி மிதித்துப் பார்த்தான். கல்லை மிதித்த சத்தம்.

"ஆமாண்ணே," என்றான். "இன்னும் பொதபொதன்னுதான் இருக்கு."