எதிர் வீட்டுச் சாவி

3.6.2007, ஞாயிறு
வீட்டில் இன்னும் பெயிண்ட் வாசனை போகவில்லை. நாகராஜுக்குத் தேனி மண்டியில் வேலை கிடைத்ததால் வந்த யோகம். மாடியில் இரண்டு வீடு, கீழே இரண்டு. குடியிருப்பது நாங்கள் மட்டும். காலையில் ஈரத் தலையோடு ஹாலில் நின்று கத்திப் பாடினேன். பெரியகுளத்தில், மாமியார் வீட்டில், இருமினாலே அடுத்த அறையிலிருந்து கஷாயம் வரும். சாயங்காலம் நானும் அவரும் வாய்விட்டுச் சண்டை போட்டோம். அவருக்கும் சந்தோஷம்தான்.

9.6.2007
வீட்டுக்காரர் கர்ணனுக்குக் கம்பத்தில் திராட்சைத் தோட்டம். அடிக்கடி வர முடியாதாம். காலி வீடுகளின் சாவியைக் கொடுத்து, கேட்டு வருபவர்களுக்குத் திறந்து காட்டச் சொன்னார்.
என்னிடம்! பாவம் மனுஷன்.

12.6.2007
ஒரு பெரிய குடும்பம் வந்தது. மொட்டை மாடியில் குரங்குத் தொல்லை என்றேன். போய்விட்டார்கள்.

17.6.2007
இன்று ஷீபா என்று ஒருத்தி. கணவருக்குக் கடைவீதியில் துணிக்கடை. இரண்டு பிள்ளைகள், ஓர் ஆர்மோனியம். எங்கள் எதிர் வீட்டு ஹாலில் நின்று ஒரு பாட்டை எடுத்துப் பார்த்தாள் - சுவர் அதிர்ந்தது. தண்ணீர் உப்பு, முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும் என்றேன். பின்னலைத் தடவிக்கொண்டே படி இறங்கினாள். என் பின்னல் இடுப்புக்குக் கீழே தொங்குவதை அவள் கவனிக்கவில்லை.
"நம்பிச் சாவியக் குடுத்தவர இப்பிடியா செய்வ?" என்றார் நாகராஜ். கொஞ்சம் உறுத்தியது. தூங்கிவிட்டேன்.

24.6.2007
பெரியகுளத்திலிருந்து அத்தை போன்.
"எதுத்த வீடு சும்மாதான் கெடக்காம்ல? நா வந்து இருந்துக்கிர்றேன் ஆத்தா. வார ஞாயித்துக்கெழம பாக்க வாரேன்."
நாகராஜ்தான் உளறியிருக்கிறார். "சரிங்கத்தே" என்றது என் வாய். வேறென்ன சொல்ல?

25.6.2007
நாகராஜோடு பேச்சு கிடையாது.

26.6.2007
துணிக்கடைக்கே போய்விட்டேன். தண்ணீர் இப்போது நன்றாகிவிட்டது என்றேன். அதெப்படி என்றாள் ஷீபா. முல்லையாற்றில் புதுத் தண்ணீர் வந்துவிட்டதே என்றேன். போர்த் தண்ணீருக்கும் ஆற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று நல்லவேளை கேட்கவில்லை.

30.6.2007
எதிர் வீட்டில் பால் காய்ச்சிவிட்டார்கள். அப்பாடா.

1.7.2007, ஞாயிறு
அத்தை வந்தார். எதிர் வீட்டில் ஆர்மோனியம் முழங்கியது. வீடு நேற்றுத்தான் கைவிட்டுப் போனது என்று முகத்தைத் தொங்கப் போட்டேன். கீழே இரண்டு வீடு காலியாகக் கிடப்பதைச் சொல்லவில்லை. அந்த நேரம் பார்த்து ஷீபா பலகாரத் தட்டோடு வந்தாள்.
"ஒங்க மருமக இல்லேன்னா இந்த வீடு எங்களுக்கு இல்லம்மா. மொதல்ல தண்ணி உப்புன்னாக. பெறகு அவுகளே செவ்வாக்கெழம கடைக்கு வந்து கூப்புட்டாக."
அவள் போன பிறகு அத்தை என்னையே பார்த்தார்.
"அப்ப, நா போன் பண்ணுனதுக்குப் பெறகு."
பொய் ஒன்றுகூட அகப்படவில்லை. எனக்கா இந்த நிலைமை? தலையாட்டினேன். அழுகை வந்தது.
"ஒன்னய மேய்க்கவா வாரேன்னு நெனச்ச? வாக்கப்பட்டு வந்த நாள்லருந்து அந்த வீட்ல நா ஒரு கதவச் சாத்துனது கெடையாது ஆத்தா. சாத்துனா ஒடம்புக்கு என்னன்னு ஆராச்சும் வந்து தட்டுவாக. ஒங்க மாமா போனதுக்கப்புறமும் அப்பிடித்தேன்."
மூன்று வருடம் ஒரே அடுப்படியில் நின்றோம். எனக்கு இது தெரியவே இல்லை.
கீழ் வீட்டுச் சாவியை எடுத்துக் கொடுத்தேன். தண்ணீரைப் பற்றி வாயே திறக்கவில்லை.

15.7.2007
அத்தை கீழே குடிவந்து ஒரு வாரம். காலையில் பணியாரம் எடுத்துக்கொண்டு போனேன். கதவு சாத்தியிருந்தது. தட்டினேன்.
"வேல கெடக்கு. வாசல்ல வச்சிட்டுப் போ ஆத்தா."
அப்படி என்ன வேலை? சன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். ஹால் நடுவே, ஃபேனுக்கு நேர் கீழே, கை காலை விரித்துப்போட்டுப் படுத்திருந்தார்.
பணியாரப் பாத்திரத்தை வாசலில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் படியேறினேன்.