நாலு அச்சில் உட்காராத பல்

11, புதன்
விடிந்ததிலிருந்து தூறல். கல்யாண முறுக்கை ருசி பார்த்தேன். முன்பல்லுக்குக் கட்டியிருந்த பிரிட்ஜ் இரண்டு துண்டு. ஞாயிறு தம்பி மகளுக்குக் கல்யாணம். தம்பி உயிரோடு இல்லை. அவன் இடத்தில் நின்று வரவேற்றுப் பேச வேண்டியவன் நான். வீட்டுக்காரி: “ஒங்க வாய்க்குக் கடவுளாப் பார்த்து லீவு குடுத்திருக்காரு.”

12, வியாழன்
கண்டி. பல் டாக்டர் அளவெடுத்து, கீழ்மாடி லேப்புக்கு அனுப்பினார். அங்கே வேலை பார்ப்பது ரிஸானா, அக்குறணை ஊர்ப் பிள்ளை. பல் வெட்டுவது, கம்ப்யூட்டர் சொல்படி வெட்டும் சிஎன்சி மெஷின்! கட்டுகஸ்தோட்டைப் பட்டறையில் நான் ஓட்டும் மெஷினுக்கு உறவுக்காரன். சும்மா இருப்பேனா?

“மூணு அச்சு போதுமேம்மா. இடம் வலம், முன்ன பின்ன, மேல கீழ. ஒரு பக்கம் வெட்டி, கவுத்துப் போட்டு மறுபக்கம்.”

“அது ஒங்கட தேயில மெஷின் மூடிக்குச் சரி அண்ணன். இதுக்கு ஏலா.”

நாலு அச்சில், பல்லாக வெட்டப்படும் கட்டி உருளும். ஐந்தில் உருளுவதோடு சாயவும் செய்யும். பிரிட்ஜைத் தாங்கும் என் பல் இரண்டும் ஆளுக்கொரு திசையில் சாய்வு. அவற்றின்மேல் உட்காரும் குழிக்குள் கட்டர் சரியாக இறங்க ஐந்துதான் வேண்டுமாம். ஐந்து அச்சு மெஷினுக்குத் திங்கள் வரை வரிசை. நாலு சும்மா நின்றது.

“நாலுல போடுங்கம்மா, நான் பொறுப்பு.”

பொறுப்பாம்!

13, வெள்ளி
நல்ல மழை. பல் ரெடி. இடப்பக்கம் உட்கார்ந்தால் வலப்பக்கம் எழும்புகிறது, சம்பந்தி வீட்டார் மாதிரி. ரிஸானா சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தாள். கடிக்க அவளுக்குப் பல் இருக்கிறது.

ஐந்து அச்சு மெஷினில் அடுத்து வெட்ட வேண்டியது கெலிஓயா ஊர்ப் பெரியவர் ஒருவருடைய பல். முன்பின் தெரியாதவர். பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து எல்லாம் கேட்டிருக்கிறார். “ஞாயித்துக்கெழம எனக்கா கல்யாணம்? மொதல்ல அவருக்கு வெட்டும்மா.” சிரித்தபோது பார்த்தேன், முன்னால் நாலு பல் காலி.

அவரைக் கல்யாணத்துக்கு அழைத்தேன்.

14, சனி
மேகமூட்டம். ஐந்து அச்சுப் பல் ‘டக்’கென்று உட்கார்ந்தது. வாங்க வேண்டியவை: சேஃப்டி பின், கற்பூரம், ரிஸானாவுக்கு கேக். கண்ணாடி முன் பேச்சு ஒத்திகை. வீட்டுக்காரி: “லீவு முடிஞ்சிருச்சா?”

15, ஞாயிறு
வெயில், அதிசயம். பேசினேன். தம்பி பெயர் வந்த இடத்தில் தடுமாற்றம். பல்மேல் பழி போட வழியில்லை. முன்வரிசையில் கெலிஓயா ஐயா, வாயை மூடாமல் சிரித்தார்.

பந்தியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவருக்குப் பாயாசம். எனக்கும் பாயாசம்தான்.

“நீங்க வடை தின்னுங்க தம்பி, பல்லுதான் வந்திருச்சே.”

“ஒங்களுக்கும் வரட்டுங்க ஐயா.”

இரண்டு இலையிலும் வடை அப்படியே.