அம்மனுக்குப் பறித்த பாதாம் பூ

மடத்துவெளியில் இருக்கிற என் வீட்டுக்காரருக்கு, பேரனைப் பார்க்க ஆஸ்திரேலியா வந்த அன்னபூரணம் வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் நோவு குறைந்ததோ? தைலத்தை மறக்காமல் பூசுங்கோ. நாங்கள் சுகம்.

மகன் வசீகரன் வேலை செய்யும் பாதாம் தோட்டம் இலையே தெரியாமல் வெள்ளையாய்ப் பூத்திருக்கிறது. அம்மன் படத்துக்கு என்று விடிய எழும்பி ஒரு பேசின் நிறையப் பறித்தனான். ஊரில் சாமிப் பூவுக்கு ஆரைக் கேட்கிறது? முதலாளி வந்துவிட்டான். வசீகரன் தொப்பியைக் கழற்றி, தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டான்.

“சாமிக்குத்தானேடா!” என்றேன்.

“அம்மா, ஒரு பூ போனால் ஒரு கொட்டை போச்சு. கேளாமல் ஏன் பிடுங்கினனீங்கள்?”

முதலாளி சிரித்துவிட்டுப் போனான். மகன்ரை வேலைக்கு ஒரு பாதிப்பும் இல்லை, யோசிக்காதேங்கோ. ஆனால் ஒருவருக்கும் குனியாத பிள்ளை என்னால் குனிந்தான். எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பூவை அம்மனுக்கு வைக்கவும் மனம் வரவில்லை, எறியவும் ஏலவில்லை. பேசினோடு கட்டிலுக்குக் கீழே வாடுகிறது.

இஞ்சாருங்கோ, இதை மகளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ.

பேரன் எழும்பிவிட்டான். வெள்ளிக்கிழமை கோயிலில் என் பேரில் செவ்வரத்தம்பூ வையுங்கோ. எங்கள் வீட்டு வளவுப் பூவாய் இருக்கட்டும். அயல் வளவில் பறிக்காதேங்கோ.

அன்னபூரணம்