கலப்பை முத்திரை போட்ட கார்

மோட்டார் கொட்டகைக்கு வெள்ளையடிக்க ஆள் வந்திருக்கிறது, பாய். ஆணியில் தொங்கிய உங்கள் கார் ஹாரனைக் கழற்றி என்னிடம் நீட்டி, "இத இன்னும் வெச்சிருக்கணுமாங்க?" என்று கேட்டான் அந்த ஆள். ரப்பர் உருண்டை வெடித்துப்போயிருக்கிறது. அமுக்கினால் சத்தம் இல்லை, காற்றுதான் வருகிறது. ஆனால் பழைய ரப்பரும் பெட்ரோலும் கலந்த அந்த வாடை அப்படியே இருக்கிறது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் வந்து உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் இண்டூர்ப் பக்கம் புளி வாங்க வருகிற வியாபாரிகள் மாட்டுவண்டியிலும் சைக்கிளிலும் வந்த காலம் அது. நீங்கள் மட்டும் ஒருநாள் காரில் வந்து இறங்கினீர்கள். மலைத்தோட்டத்து வெள்ளைக்காரர் ஒருவர் ஊர் திரும்பும்போது விட்டுப்போன வண்டி. உயரமான சக்கரம், துணிக்கூரை, பக்கத்தில் பித்தளை ஹாரன். ஊரே கூடி நின்று வாயைப் பிளந்தது. எனக்குத்தான் கண் சும்மா இருக்காதே. வண்டியின் முகப்பில் இருந்த தகட்டைப் பார்த்தேன்.

"பாய், இந்த முத்திரை எங்கூட்டுக் கலப்பையில இருக்குதுங்களே!"

பங்குச் சாமியார் என் மாமனாருக்கு வாங்கிக் கொடுத்த சீமை இரும்புக் கலப்பையை இழுத்துவந்து காருக்குப் பக்கத்தில் போட்டேன். அதே வட்டம், அதற்குள் அதே குட்டிக் கலப்பை. ஏரும் கதிரடிக்கும் இயந்திரமும் செய்த கம்பெனி, ஆசைக்குக் கொஞ்ச காலம் காரும் செய்து பார்த்திருக்கிறது போல. "அப்ப மாட்ட எங்கங்க பூட்டுவீங்க?" என்று கேட்டேன். கூட்டம் கொல்லென்று சிரித்தது. உங்கள் முகம் சுருங்கிவிட்டது.

"இது காரு, தங்கச்சி. காரு!"

அடுத்த முறை வந்தபோது தகட்டின்மேல் பித்தளைப் பூ ஒன்றைத் திருகிவைத்திருந்தீர்கள். பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதைதான். 'கலப்பைக் கார் பாய்' என்ற பெயர் பென்னாகரம் சந்தை வரைக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. நீங்களோ அந்த வண்டியில் ஒரு கூடைப் புளியைக்கூட ஏற்ற விடமாட்டீர்கள். "மூட்ட ஏறுனா வண்டி, மனுசன் ஏறுனாத்தான் காரு" என்பீர்கள். உங்கள் பெண்ணின் நிக்காஹ் அன்று மாப்பிள்ளையை அதில்தான் அழைத்துவருவது என்று எத்தனை பேரிடம் சொல்லி வைத்திருந்தீர்கள்!

நிக்காஹ் குறித்த அந்த வருஷம்தான் ஐப்பசி மழை ஏமாற்றியது. என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவர் வருஷா வருஷம் நட்டதைப் பார்த்த துணிச்சலில் நானும் மஞ்சள் நட்டிருந்தேன். கிணற்றில் தண்ணீர் கிடந்தது, இறைக்கத்தான் வழியில்லை. ஆயில் இன்ஜின் உள்ளே உடைந்துவிட்டது; சாமான் கோயமுத்தூரிலிருந்து வரவேண்டும். கரண்டு எங்கள் காட்டுக்கு இன்னும் வரவில்லை. மஞ்சள் இலை சுருளச் சுருள என் கொழுந்தனாருக்கு முகம் மலர்ந்துகொண்டே வந்தது.

"இந்த வெள்ளாமையும் காஞ்சிட்டா பேசாம நெலத்த எங்கிட்ட வுட்டுட்டுப் பொறந்த வூட்டப் பாத்துப் போயிருங்க, அண்ணி" என்றார். மொரப்பூரில் என் அண்ணன் வீடு இருந்தது. அங்கே ஒரு மூலையும் ஒரு தட்டுச் சோறும் கிடைத்திருக்கும். ஆனால் என் காட்டை விட்டுப் போக எனக்கு மனசில்லை, பாய்.

நிக்காஹ் பத்திரிகை வைக்க வந்த நீங்கள் காட்டைப் பார்த்தீர்கள், நான் சொன்னதைக் கேட்டீர்கள். காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பினீர்கள். அவரவர் பாடு அவரவர்க்கு என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை உங்கள் ஹாரன் சத்தம் கேட்டு ஓடிவந்தால், கார் கிணற்று மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது. பின் சீட்டில் ரைஸ்மில் பெல்ட்டும் பெட்ரோல் டின்களும். மனிதரைத் தவிர வேறு எதையும் ஏற்றாத சீட்டு அது. முகப்பில் பித்தளைப் பூ இல்லை. கலப்பை வெயிலில் மின்னியது.

"என்னங்க பாய் இது?"

"வண்டி பொறந்த வூட்டுக்கு வந்திருக்குது, தங்கச்சி. அதனால நீ போவ வேண்டாம்."

பின் சக்கரம் ஒன்றைத் தூக்கிக் கல்லடுக்கி, டயரைக் கழற்றி, வெறும் வளையத்தில் பெல்ட்டை மாட்டிப் பம்போடு இணைத்தீர்கள். மற்றச் சக்கரங்களுக்கெல்லாம் கல் அண்டை. பிறகு வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாகச் சீட்டில் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டீர்கள். எங்கேயும் போகாத காரை அப்படி நிமிர்ந்து ஓட்டியவர் உலகத்தில் நீங்கள் ஒருவர்தான். ரேடியேட்டர் கொதித்தால் ஹாரன் அடிப்பீர்கள். மடை மாற்றிக்கொண்டிருக்கும் நான் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் குடத்தோடு ஓடிவருவேன். கோயமுத்தூர்ச் சாமான் வரும்வரைக்கும் அதுதான் நம் இருவர் வேலை. வரப்பில் நின்று பார்த்த கொழுந்தனார் ஒருநாள் தானாகவே குடத்தை எடுத்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

மஞ்சள் பிழைத்தது. கார்தான் பிழைக்கவில்லை. பின் அச்சு உள்ளே தேய்ந்து, தள்ளினாலும் நகராமல் நின்றுவிட்டது. மாப்பிள்ளை குதிரைவண்டியில் வந்தார். "கார்ல அழைப்புன்னு சொன்னாங்களே, கார் எங்கங்க?" என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டது பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த எனக்கும் கேட்டது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

நீங்கள் சத்தமாகவே சொன்னீர்கள்: "அது ஏரோட்டற குடும்பத்து வண்டிங்க. வெள்ளாமைக்குப் போயிருக்குது."

இத்தனை வருஷம் யார் சொன்னாலும் சண்டைக்குப் போன சொல்லை, சம்பந்திகள் முன்னால் நீங்களே எடுத்துச் சொன்னீர்கள். மாப்பிள்ளை வீட்டார் சிரித்தார்கள். நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

காரைப் பழைய இரும்புக்குப் போட்டபோது ஹாரனை மட்டும் கழற்றி எனக்கு அனுப்பினீர்கள். நீங்கள் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆயிற்று. ஹாரனைக் கொட்டகையில் மாட்டியவள் மாட்டியபடியே வைத்திருக்கிறேன். இப்போது கரண்டு மோட்டார் ஒரு பொத்தானில் ஓடுகிறது. இருந்தும் மடை மாற்றும்போது மண்வெட்டியை நிறுத்திவிட்டுக் கொட்டகைப் பக்கம் காது கொடுக்கிற பழக்கம் போகவில்லை.

வெள்ளையடிப்பவன் பதிலுக்காக இன்னும் நிற்கிறான். "அடிச்சு முடிச்சதும் அதே ஆணியில மாட்டுப்பா" என்று சொல்லி ஹாரனைக் கொடுத்துவிட்டேன்.

நான் பிறந்த வீட்டுக்குப் போகவில்லை, பாய். இங்கேதான் இருக்கிறேன்.